லாவெண்டர் புள்ளிப் பீக்கின்: ஐந்தாண்டுக் குறிப்பு

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பீக்கின் பேன்டம் கோழிகள் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கின்றன. விரல் நுனிவரை இறகு மூடிய கால்களோடு பந்து உருண்டு வருவதுபோல் நடக்கும் இந்தக் குட்டை இனத்தில், லாவெண்டர் எனப்படும் வெளிர்சாம்பலும், கறுப்பு இறகில் வெள்ளை நுனி கொண்ட புள்ளியும் பழகிய நிறங்கள். இரண்டும் ஒரே பறவையில் கூடினால் எப்படியிருக்கும் என்ற ஆசை 2020 ஆகஸ்டில் வந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் ஏற்கப்பட்ட நிறங்களையும் அளவுகளையும் சொல்லும் தரநூல், என்னிடமுள்ளதில், அந்த நிறம் இல்லை. அதை அதில் சேர்க்க வைப்பதற்காக இதுவரை செய்தவற்றை எழுதி வைக்கிறேன்.

லாவெண்டர், புள்ளி இரண்டுமே ஒடுங்கு பண்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் இறகில் முழுமையாகத் தெரியும். (சந்தையில் லாவெண்டர் என்று சொல்லி விற்கப்படும் சில பறவைகள் உண்மையில் ‘நீலம்’ என்னும் வேறு மரபணுவைச் சேர்ந்தவை, அவற்றைத் தங்களுக்குள் இணைத்தால் கால் பங்கு கறுப்பாகவும் கால் பங்கு தெளிப்பு வெள்ளையாகவும் பிரிந்துவிடும். முதல் சேவலை வாங்குமுன் அதன் உடன்பிறப்புகளையும் பார்த்துவிடுவது நல்லது.) லாவெண்டர் சேவலோடு இரண்டு கறுப்புப் புள்ளிப் பெட்டைகளை விட்டேன், பிறந்த 14 குஞ்சுகளும் கறுப்பாகவே வளர்ந்தன. “இதுக்குத்தானா இத்தனை பாடு?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அந்தக் கறுப்புகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பதினாறில் ஒன்றுதான் இரண்டு பண்பும் கூடி வரும் என்பது கணக்கு. 2021 வசந்தத்தில் 61 குஞ்சுகள் பொரித்தன; அவற்றில் எனக்கு வேண்டியவை மூன்று: ஒரு சேவல், இரண்டு பெட்டை.

2022ஐ மின்வெட்டு விழுங்கியது. இன்குபேட்டர் 21 நாளும் ஏறத்தாழ 37.5 பாகையில் நிற்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை மின்சாரம் போகும்போது வெந்நீர்ப் புட்டிகளும் கம்பளியும் எவ்வளவுதான் தாங்கும்? 24 முட்டைகளில் ஐந்து மட்டும் பொரித்த அந்த ஈட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் அடைக்கோழிகளிடமே ஒப்படைத்தேன். பீக்கின் பெட்டைகள் அடைக்கு உட்காரச் சலிக்காதவை என்பது அப்போது பெரிய வரமாக இருந்தது.

நிறம் கிடைத்துவிட்டது என்று எண்ணியது அவசரம். அந்த முதல் லாவெண்டர் புள்ளிச் சேவலின் வால் இறகு ஒன்றை எவர்சில்வர் தட்டில் வைத்துப் பார்த்தால், ஓரத்து இழைகள் ஒன்றோடொன்று பிடிப்பில்லாமல் நைந்த துணியின் விளிம்புபோல் பிரிந்து கிடக்கும். லாவெண்டர் பறவைகளில் வழக்கமாக வரும் கோளாறு இது. நல்ல இறகுள்ள கறுப்பு வழியோடு மறுபடி சேர்ப்பதே வளர்ப்பாளர்கள் கையாளும் மருந்து. ஆகவே அவனை உடலமைப்பில் சிறந்த ஒரு கறுப்புப் புள்ளிப் பெட்டையோடு விட்டேன். குஞ்சுகள் எல்லாம் கறுப்புப் புள்ளி. அவற்றில் இறகு கெட்டியானவற்றை மீண்டும் லாவெண்டர் புள்ளியோடு சேர்த்தபோது பாதி எனக்கு வேண்டிய நிறத்தில் வந்தன. இதற்கே இரண்டு பருவம் போயிற்று. 2023இல் எச்5என்1, எச்7என்6 என இரண்டு வகைப் பறவைக் காய்ச்சல் நாட்டைப் பிடித்திருந்ததால் ஒரு பறவையையும் வெளியே கொண்டு போகவில்லை.

2024 குளிர்காலத்தில் நான்கு பறவைகளைக் காட்சிக்கு வைத்தேன். நடுவர் இரண்டு அடி தள்ளி நின்று, “வெள்ளை எங்கே?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கறுப்பில் பளிச்சிடும் வெள்ளை நுனி, வெளிர்சாம்பலில் கரைந்துவிடுகிறது. போதாததற்கு, வெயிலில் திரியும் சேவலின் கழுத்து இறகில் வைக்கோல் நிறம் வேறு ஏறிவிடுகிறது. அன்றுமுதல் சாம்பல் அடர்ந்தவற்றை மட்டும் நிறுத்திக்கொள்கிறேன். கூண்டுகளுக்கு மேல் நிழல்வலை கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு இறகுதிர்ப்புக்குப் பின்னும் வெள்ளை கூடிக்கொண்டே போவதால், முதல் ஆண்டில் புள்ளி குறைவாகத் தெரியும் விடைக்கோழியைக் கழித்துவிடக் கூடாது என்பதையும் இதில்தான் கற்றேன்.

கூழ் ஊற்றும் ஆடி மாதமும் காட்சிப் பருவமும் இங்கே ஒன்றாக வருவதால், சேவலைக் கூடையில் வைத்து வண்டியில் ஏற்றுவதைப் பார்த்த பெரியப்பா, “மாரியம்மனுக்கா?” என்று கேட்டதையும் எழுதிவிடுகிறேன். சேவலுக்கு நான் போட்ட உழைப்பைக் கேட்ட பிறகும் அவர் முகத்திலிருந்த ஐயம் தீரவில்லை.

ஒருவர் கூண்டில் மட்டும் இருக்கும் நிறத்தை எந்தத் தரநூலும் ஏற்காது. அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷன் குறைந்தது ஐந்து வளர்ப்பாளர்கள், ஐந்து ஆண்டு வளர்ப்பு என்று கேட்கிறது. அதையே எனக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். முதல் ஆண்டுகளில் பறவைகளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் இந்த ஐந்தாண்டில் நான் செய்த பெரிய தவறு. பிறகு ஒரு சேவலும் இரண்டு பெட்டையுமாக நான்கு பேருக்குக் கொடுத்தேன். ஒருவர் மூன்றே மாதத்தில் அவற்றை வேறு நிறத்தோடு கலந்துவிட்டார். மற்ற மூவரும் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள்; எடையையும் எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் தரம் சேவலுக்கு 680 கிராம், பெட்டைக்கு 570 கிராம் என்கிறது; என் சேவல்கள் இன்னும் 750ஐத் தொடுகின்றன.

நிற வரையறையை நான்கு முறை திருத்தி எழுதியாயிற்று: “உடல் முழுவதும் ஒரே சீரான சாம்பல், இறகு நுனியில் வி வடிவ வெள்ளை, வைக்கோல் சாயல் குறை.” மூவரோடு என்னையும் சேர்த்து நான்கு பேர், ஐந்தாமவராகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரிடம் கொடுத்த ஒன்பது முட்டைகளை நேற்றிரவு விளக்கொளியில் பார்த்தாராம். ஏழில் கருவின் நரம்பு ஓடியிருக்கிறது.