அடுத்தவர் கோப்பைத் திறக்காமல் ஓட்டையை நிரூபிப்பது

ரத்தப் பரிசோதனை முடிவை அச்செடுத்துக் கொடு என்று தங்கை ஒரு இணைப்பை அனுப்பியிருந்தாள். பரிசோதனைக் கூடத்தின் இணையதளம் அது. எனக்கும் அங்கே தனிக் கணக்கு உண்டு, அப்போது அதில் உள்நுழைந்திருந்தேன். தட்டியதும் அவளுடைய பிடிஎஃப் திறந்துகொண்டது. பெயர், வயது, தொலைபேசி எண், முடிவுகள், எல்லாமே. என் கணக்கில் இருந்துகொண்டு அவளுடைய கோப்பு எனக்குத் திறந்திருக்கவே கூடாது. முகவரியின் கடைசியில் ஒரு ஏழு இலக்க எண். என்னுடைய பழைய முடிவின் முகவரியைப் பார்த்தால் அங்கேயும் அதே மாதிரி எண், கொஞ்சம் சின்னது. வரிசை எண் போட்டிருக்கிறார்கள், கேட்கிறவர் யார் என்று பார்க்காமல் கொடுக்கிறார்கள்.

பாதுகாப்பு ஆட்கள் இதை ஐடோர் என்பார்கள். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-ல் வெளியிட்ட முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில், யார் எதைப் பார்க்கலாம் என்கிற அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுகள்தான் முதலிடம், இது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்டுபிடிக்கப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம். அதனால்தான் கை அரிக்கும்: கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டிப் பார்த்தால் என்ன?

பார்க்கக் கூடாது. எண்ணை மாற்றினால் திறப்பது முன்பின் தெரியாத ஒருவருடைய நோய் விவரம். பூட்டு இல்லை என்பதால் அது நம் வீடாகிவிடாது, பல நாடுகளின் சட்டங்களும் அனுமதியில்லாமல் நுழைவதையே குற்றமாகத்தான் வைத்திருக்கின்றன. 2010-ல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தளத்தில் நடந்தது இதே கதைதான். ஐபேட் சிம் அட்டைகளின் எண்ணை மாற்றி மாற்றிக் கேட்க, தளம் ஒவ்வொன்றுக்கும் உரியவரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் முகவரிகளை அள்ளிவிட்டார்கள். அதில் ஒருவருக்கு 2013-ல் 41 மாதச் சிறைத் தண்டனை. 2014-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது, ஆனால் வழக்கைத் தவறான மாநிலத்தில் நடத்தினார்கள் என்ற காரணத்துக்காக. அவர் செய்தது குற்றமா இல்லையா என்பதை அந்த நீதிமன்றம் தீர்க்கவே இல்லை. ஓட்டையைக் காட்ட ஒரே ஒரு முகவரி போதாதா, எதற்கு லட்சம்?

நான் செய்தது இதுதான். தங்கையிடம் விஷயத்தைச் சொல்லி, அவள் கணக்கைச் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ள எழுத்தில் சம்மதம் வாங்கினேன். எங்கள் இரண்டு பேருடைய எண்களை மட்டும் வைத்துச் சோதித்தேன். கணக்கில் நுழையாமல் கேட்டால் தளம் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பியது, அது சரி. என் கணக்கிலிருந்து அவள் எண்ணைக் கேட்டால் 200, அதாவது ‘சரி’ என்கிற பதில், கோப்பு வந்தது. அவள் கணக்கிலிருந்து என் எண்ணைக் கேட்டாலும் வந்தது. வாசலில் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிற விடுதி, உள்ளே எல்லா அறைக்கும் ஒரே சாவி. ஒவ்வொரு சோதனைக்கும் நேரம், எந்தக் கணக்கு, என் ஐபி முகவரி என்று குறித்து வைத்தேன். எண்களைத் தானாக ஓட்டிப் பார்க்கிற கருவி எதையும் தொடவில்லை.

அடுத்து யாரிடம் சொல்வது? இதில்தான் அதிக நேரம் போனது. ஓட்டை கண்டவர்கள் யாரைத் தொடர்புகொள்வது என்று சொல்வதற்கென்றே ஒரு வழி இருக்கிறது: தளத்தின் வெல்-நோன் கோப்புறையில் செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி என்று ஒரு சின்னக் கோப்பு. 2022-ல் ஆர்எஃப்சி 9116 என்கிற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அதை முறைப்படுத்தியது, தொடர்பு முகவரியும் காலாவதித் தேதியும் கட்டாயம். இந்தத் தளத்தில் தேடினால் 404, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் என்று பதில். கடைசியில் யாரும் படிக்காத தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவருடைய மின்னஞ்சல் முகவரி கிடைத்தது.

முதல் மடலில் ஓட்டையின் விவரத்தை எழுதவில்லை. மற்றவர்களின் பரிசோதனை முடிவுகள் வெளியே தெரிகிற கோளாறு ஒன்று இருக்கிறது, விவரத்தை யாருக்கு, எந்தப் பாதுகாப்பான வழியில் அனுப்புவது என்று மட்டும் கேட்டேன். பணம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ‘சன்மானம் கொடுத்தால் சொல்கிறேன்’ என்ற தொனி லேசாக வந்தாலே படிக்கிறவருக்கு மிரட்டலாகத்தான் தெரியும், அதில் அவர்கள் மேல் தப்பில்லை.

பதில் வரவில்லை. இந்த மௌனத்துக்கும் நடைமுறை உண்டு. மோரிஸ் புழு என்கிற தானாகப் பரவும் நிரல் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய 1988-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செர்ட் ஒருங்கிணைப்பு மையம், தகவல் கொடுத்து 45 நாளில் ஓட்டையை வெளியிடுவதைப் பொதுவான கொள்கையாக வைத்திருக்கிறது. கூகுளில் ஓட்டைகளைத் தேடுகிற குழுவான பிராஜெக்ட் ஜீரோ 90 நாள் தருகிறது. நான் 90 நாள் என்று எழுதி, நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவுக்கும் தெரிவிக்கப்போவதாகச் சொன்னேன். அந்த வரிக்குத்தான் பலன் இருந்தது என்று நினைக்கிறேன், மடல் சட்டப் பிரிவிலிருந்து வந்தது.

எடுத்த எடுப்பில் கேள்வி: எத்தனை பேருடைய கோப்புகளைத் திறந்தீர்கள்? குறிப்பேட்டையும் தங்கையின் சம்மதத்தையும் இணைத்து அனுப்பினேன், உங்கள் சர்வர் பதிவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஒப்பிட்டார்கள் போல, அடுத்த மடலில் குரலே மாறிவிட்டது. இதைப் பற்றி எப்போதுமே பேச மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டார்கள், மறுத்தேன். சரிசெய்யும் வரை பேச மாட்டேன், அப்புறமும் பெயர் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

சரிசெய்த விதம் தனிக் கதை. முதலில் பக்கத்திலிருந்து இணைப்பை மறைத்தார்கள். முகவரியை நேராக அடித்தால் பழையபடி கோப்பு வந்தது. அடுத்து வரிசை எண்ணுக்குப் பதில் யூயூஐடி என்கிற நீளமான தற்செயல் குறியீடு போட்டார்கள். நான்காம் வகை யூயூஐடியில் 122 பிட் தற்செயலாக வருவது, ஊகித்துக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. ஆனால் இணைப்பு கையில் இருந்தால் யார் கணக்கிலும் திறந்தது. இணைப்புகள் எங்கெல்லாம் போய்ச் சேரும்? பிரவுசர் வரலாறு, மின்னஞ்சல், அலுவலகத்து நெட்வொர்க் பதிவு. இதுவும் போதாது என்று படத்தோடு விளக்கினேன். மூன்றாவது முறைதான், கோப்பைக் கொடுக்கும் முன் இது இந்தக் கணக்குக்கு உரியதா என்று சர்வரே பார்க்க ஆரம்பித்தது. இல்லையென்றால் ‘அனுமதி இல்லை’ என்கிற 403 சொல்லாமல் 404 சொல்கிறது, அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. அதை எழுதியவருக்கு விஷயம் தெரியும்.

மொபைல் செயலி சர்வரோடு பேசுகிற வழியான ஏபிஐ அப்போதும் பழைய எண்ணையே வாங்கிக்கொண்டிருந்தது. அதையும் அதே இரண்டு கணக்குகளை வைத்துக் காட்டினேன், இந்த முறை சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். பிடித்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களை அழித்துவிட்டு அழித்ததாக எழுதி அனுப்பினேன்.

எனக்கு முன்னால் வேறு யாராவது எண்களை வரிசையாகக் கேட்டு அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்களா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. பதிவுகளைத் தேடினோம், அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். எவ்வளவு காலத்துப் பதிவு என்று கேட்டபோது சில வாரங்களுக்கு மேல் அவர்களிடம் இல்லை என்று தெரிந்தது, ஓட்டையோ தளம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பது. இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.