ஆயிரத்தெட்டு கழஞ்சும் மூன்று லூப்புகளும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடி, ஆடல் மகளிருக்குரிய தலைக்கோல் பட்டம் பெற்ற பிறகு, ஒரு கூனி மாலையோடு நகரத்து நம்பியர் திரியும் தெருவில் நிற்கிறாள். விலை 1008 கழஞ்சு (பழைய எடை அளவு) பொன். வாங்குபவனுக்கு மாதவி. கலைக்கும் விலைக்கும் உள்ள வழக்கை ஒலி நிறுவலாக்க (ஒரு கூடத்தில் ஒலிகளை அமைத்துப் பார்வையாளர் உள்ளே நின்று கேட்கும் கலைப்படைப்பு) இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் முதலிலிருந்து சுழலும் மூன்று ஒலித்தடங்கள், அதாவது லூப்புகள், போதும்: யாழிசை 7 நிமிடம், தெரு இரைச்சல் 9, ஜதியும் காலடியும் 16. இடைவிடாமல் சுழலவிட்டால், மூன்றும் ஒன்றாகத் தொடக்கத்துக்குத் திரும்புவது சரியாக 1008 நிமிடம் கழித்து, அதாவது 16 மணி 48 நிமிடத்தில். மாலையின் விலையே நிறுவலின் நீளம். தனித்தனி பிளேயர்களில் ஓட்டினால் அவற்றின் கடிகாரங்கள் மெல்ல விலகி இந்தக் கணக்கு கெட்டுவிடும். ஒரே கணினி, அதிலிருந்து பல ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியாக ஒலி அனுப்பும் பல சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். எம்பி3 கூடாது. கோப்பின் இரு முனையிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் இடறும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பே சரி.

நடுவில் ஒரு பித்தளைத் தட்டு, அடியில் அதிர்வை மின்சைகையாக்கும் பியசோ வில்லை. காசு விழுந்ததும் யாழும் ஜதியும் இரண்டு நொடியில் அடங்கி, கூனியின் குரல் மட்டும் எழும்: "நூறுபத்து அடுக்கி எட்டுக்கடை நிறுத்த..." (நூறைப் பத்துமுறை அடுக்கிக் கடைசியில் எட்டு, அதாவது 1008). காசு போட்டால் பாட்டு நிற்க வேண்டும். பாட்டு தொடங்கினால் அது வெறும் பாட்டுப்பெட்டி, கேள்வி அங்கேயே செத்துவிடும். தடங்களை நிறுத்தாமல் ஒலியளவை மட்டும் பூஜ்யமாக்குங்கள்; நிறுத்தினால் 1008 தப்பும்.

அதிகம் தொல்லை தருவது பியசோதான். தரை அதிர்வே அதைத் தூண்டி, யாரும் காசு போடாமலே விலை கூவும். தட்டின் கால்களுக்கு ரப்பர், வில்லைக்குக் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர், வில்லையின் சைகையைப் படிக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் (சிறு கணினிச் சில்லு) உள்ளீட்டை மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்க ஒரு ஜீனர் டயோடு. ஒரு தூண்டலுக்குப் பின் 300 மில்லிநொடி சென்சாரைக் கவனிக்காதிருக்க நிரலில் சொல்லுங்கள்; இல்லையேல் காசு துள்ளும் ஒவ்வொரு முறையும் எண்ணப்படும்.

கூனியின் குரலை எதிரொலி குறைந்த அறையில், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பதியுங்கள். வெறுஞ்சுவர்க் கூடத்தில் வல்லினம் கரைந்து செய்யுள் புரியாமல் போகும். ஒலியைக் கூட்டிப் பயனில்லை, எதிரொலியும் சேர்ந்து கூடும். ஸ்பீக்கரைக் கேட்பவரின் காதுக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்து, எதிர்ச்சுவரில் கனத்த திரை போடுங்கள்.

தட்டில் துணி விரிக்க வேண்டாம். பித்தளையில் காசு விழும் ஓசை ஸ்பீக்கர் வழியாக அல்ல, நேராகவே கேட்கட்டும்.