கடைமடைக்கும் சேர வேண்டிய முடிவு

மழை பொய்த்த ஆண்டில் கண்மாயில், அதாவது ஊர்ப் பாசன ஏரியில், பாதித் தண்ணீர்தான் நிற்கிறது என்றால், அதை யார் வயலுக்கு, எந்த முறையில் விடுவது என்ற பேச்சு மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் சூடாகவே நடக்கும். மடைக்கு அருகில் வயல் உள்ள தலைமடைக்காரர்கள் நடவை முன்னதாக முடித்திருப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர்களோ, கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் மடையை அடைத்துவிட்டால் போட்ட முதலெல்லாம் மண்ணாகிவிடுமே என்று அஞ்சுவார்கள்.

கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடும் பழைய முறையில் நான் மிகவும் மதிப்பது, நீர்கட்டி என்ற ஊர்ப் பணியாளரின் பொறுப்பைத்தான். மடையைத் திறப்பதும் அடைப்பதும், வாய்க்கால் கரையை வெட்டி வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. முறை வைத்துப் பாயும் நாட்களில் வேறு எவரும் அங்கே மண்வெட்டி வைக்கக் கூடாது. அவருக்கான கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்படும். பல ஊர்களில் அந்தக் கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது பாசனப் பரப்பில், அவருக்குச் சொந்த நிலம் இராது என்பதால், தன் வயல் பக்கம் சாய்கிறார் என்று குறை சொல்லவும் வழியில்லை. ஊர் கூடிச் சொன்னபடியே மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடிந்ததனால்தான், குறைவாகப் பெற்றவர்களும் முடிவுக்குக் கட்டுப்பட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆனாலும் அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீர்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். தண்ணீரைப் பங்கிட்ட அவர்களுக்கு, பங்கை முடிவு செய்த கூட்டத்தில் சமமான இடம் இருந்ததில்லை. நாற்று நட்டுக் களை பறித்த பெண்களிடமும் யாரும் கருத்துக் கேட்டதில்லை. பேச இடம் தரப்படாதவர்களின் மௌனம் அங்கே சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வகைசெய்து 2000-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின் வழியே வந்த சங்கங்களும் நில உடைமையாளர்களின் சங்கங்களே. கிராம சபையில்தான், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் உட்கார்ந்து பேசலாம். அது கூடும் நாட்களில் ஒன்றான அக்டோபர் 2, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. அந்த ஆண்டு கண்மாய் பெருகுமா, பாதியில் நிற்குமா என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஆகவே தனக்கு மட்டும் சாதகமான விதியைக் கேட்டு யாரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எந்த மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு நிலத்துக்குப் பாய்ச்சலாம், முதல் முறை கடைமடைக்கா தலைமடைக்கா, முறையை மீறி மடை திறப்பவருக்கு என்ன அபராதம் என்ற மூன்றையும் அன்றைக்கே தீர்மானமாக எழுதிப் படித்துக் காட்டிவிட்டால், மார்கழியில் மடையடியில் நின்று சண்டையிட வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும்.