ஓரம் தெரியும் புத்தகம்

டிராகன் செதில் கட்டு என்று சீனாவில் ஒரு பழைய பைண்டிங் முறை உண்டு. மூடி வைத்திருக்கும்போது அது வெறும் சுருள். பிரித்து மேசையில் போட்டால் உள்ளே தாள்கள் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும். முதல் தாளை அடித்தாளோடு முழுசாக ஒட்டிவிடுவார்கள். மற்றவற்றுக்கு வலது ஓரத்தில் மட்டும்தான் பசை. இடது பக்கத்தைத் தூக்கிப் புரட்டினால் பின்பக்கமும் படிக்கலாம். மேல் தாளின் அடியிலிருந்து அடுத்த தாளின் இடது ஓரம் கொஞ்சம் வெளியே தெரியும்.

பெய்ஜிங்கில் ஒரு பைண்டிங் பட்டறையில் உதவியாளாக இருந்தபோதுதான் இந்த வேலை என் கைக்கு வந்தது. பட்டறையின் அன்றாடச் சோறு குடும்ப வம்சாவளிப் புத்தகங்கள், நூல் கோத்துத் தைத்தவை. அப்புறம் ஜாங் ஷியாவ்தோங் என்ற வடிவமைப்பாளர் வஜ்ரச்சேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூலை டிராகன் செதில் முறையில் செய்து, மறைந்துபோன கலையை மீட்டவர் என்று பேர் வாங்கியிருந்தார். அதன் படங்களை போனில் காட்டி, "இதே மாதிரி ஒன்று வேண்டும்" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஷிஃபு (அங்கே தொழில் கற்றுக்கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் செய்வது என்று அவருக்கும் அப்போது தெரியாது.

தெரிந்துகொள்ள வழியும் அதிகம் இல்லை. செய்முறை எழுதிய ஏடு எதுவும் எங்கள் கையில் இல்லை. மாதிரியாகப் பார்க்க முக்கியமாக ஒரே ஒரு பழைய பிரதிதான், அதுவும் அரண்மனை அருங்காட்சியகத்தில். லு ஃபாயன் 601இல் தொகுத்த எதுகை அகராதியை (எழுத்துகளை ஒலி வாரியாக அடுக்கிய அகராதி) வாங் ரென்சு என்பவர் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரித்து எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி அது. மொத்தம் 24 தாள். முதல் தாளில் ஒரு பக்கம், மற்ற எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் எழுத்து, ஆக 47 பக்கம். அதைத் தொட்டுப் பார்க்க எங்களை யார் விடப்போகிறார்கள்? படங்களை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதுதான். அறிஞர்களுக்குள்ளும் சண்டை. பழைய நூல்கள் சூறாவளிக் கட்டு என்று குறிப்பிடுவது இதைத்தான் என்று ஒரு கட்சி. வடமேற்குச் சீனாவில் துன்ஹுவாங் குகையில் கிடைத்த, தாள்களை ஒரு ஓரத்தில் அடுக்கி மூங்கில் குச்சி வைத்துப் பிடித்துச் சுருட்டியவைதான் அது என்று இன்னொரு கட்சி. ஷிஃபுவிடம் அந்தக் கட்டுரைகளைப் பற்றிச் சொன்னால், "அவங்க பேசி முடிக்கட்டும், நீ பசையைக் கிண்டு" என்பார்.

பசை என்றால் கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து பிசைந்து, ரப்பர் மாதிரி இழுபடும் குளூட்டன் எல்லாம் போன பிறகு அடியில் தங்கும் மாவைக் காய்ச்சுவது. நம் ஊர் பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள் என்று சொல்லிவைத்தேன். ஷிஃபு முகத்தைச் சுளித்தார். அதில் இருக்கும் செம்பு காலப்போக்கில் தாளையே தின்றுவிடும் என்பது அவர் கட்சி. சரிதான், ஆனால் பள்ளி நோட்டு ஆயிரம் வருஷமா இருக்கப்போகிறது?

தாள் அன்ஹுயி மாகாணத்து சுவான் தாள். நீலச் சந்தனம் என்று அங்கே சொல்லும் மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. பதப்படுத்தாத தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். இரண்டு பக்கமும் எழுத்து வரும் வேலைக்கு ஆகாது. படிகாரமும் பசையும் ஏற்றிய தாளில் மை நிற்கும், ஆனால் விறைப்பு அதிகம், சுருட்டச் சுருட்ட மடிப்பு விழும். இரண்டுக்கும் நடுவே ஒன்றைத் தேடிப் பிடிப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். கிரெய்ன், அதாவது தாளின் நார் ஓடும் திசை, மேலிருந்து கீழாக ஓடவேண்டும், இல்லாவிட்டால் சுருள் படியாது. பெய்ஜிங் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்து, பசை தடவிய ஓரம் மட்டும் அலை அலையாக எழும்பும். அந்த மாதங்களில் தரையில் தண்ணீர் வாளி வைத்துக்கொண்டு வேலை செய்தோம்.

கஷ்டமான இடம் ஒட்டும் கணக்கு. ஒவ்வொரு தாளும் முந்தையதைவிட 1 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும், மொத்தம் 100 தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய தாளிலிருந்து அளந்துகொண்டே போனால், தாளுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசியில் 5 செ.மீ. தள்ளி நிற்போம். அதனால் அடித்தாளில் வலது நுனியிலிருந்தே எல்லா இடத்தையும் அளந்து ஊசியால் குத்திவிட்டு, அப்புறம்தான் பசையை எடுப்போம். சுருட்டுவதும் சாதாரணச் சுருளுக்கு நேர்மாறு. வாலிலிருந்து அல்ல, தலையிலிருந்து வாலுக்கு. மாற்றிச் சுருட்டினால் தாள் நுனியெல்லாம் நிமிர்ந்து கிழியும்.

வந்தவர்கள் கேட்டதோ ஓரங்களில் படம். வெளியே தெரியும் பட்டைகளில் துண்டு துண்டாக அச்சடித்தால் பிரிக்கும்போது முழு ஓவியமாக விரியும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. சூத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓதுவார்கள். அதற்குச் சுருளே போதும். தேதியிட்டு அச்சான நூல்களில் மிகப் பழையது என்று சொல்லப்படும் 868ஆம் ஆண்டு வஜ்ரச்சேதிகா சூத்திரம்கூடச் சுருள்தான். எதுகை அகராதியை யாரும் ஓதுவதில்லை. கவிதை எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு ஒலி வேண்டும், உடனே வேண்டும். சுருளில் அது கடைசிப் பக்கம் இருந்தால் முழுசையும் பிரித்தாக வேண்டும். தாளை அடுக்கி ஓரத்தை வெளியே விட்டது அந்த அவசரத்துக்காகத்தான் என்பது என் எண்ணம். பின்னால் சோங் அரச வம்சத்தின் காலத்தில் (960-1279) அச்சும் மடித்த தாள் புத்தகமும் பரவியதும் இந்த முறைக்கு வேலை இல்லாமல் போயிற்று. இப்போது மீட்டிருப்பது அதன் உடம்பை. எங்களிடம் வாங்கிப்போனவர்கள் யாரும் அதில் ஒன்றைத் தேடிப் பார்ப்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி விரித்து வைத்து விளக்குப் போடுகிறார்கள்.

இதை ஷிஃபுவிடம் சொன்னேன். "அப்போ தேடுற மாதிரி ஒண்ணு செய்யேன்" என்றார், கிண்டலாகத்தான். பட்டறையில் தாள் மாதிரிகள் ஒரு அட்டைப் பெட்டியில் குப்பையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, வெளியே தெரியும் ஓரத்தில் தாளின் பெயரும் எடையும் எழுதி, டிராகன் செதில் முறையில் ஒட்டினேன். மெல்லியவை முதலில், தடித்தவை கடைசியில். வாடிக்கையாளர் வந்தால் சுருளை ஒரு தட்டுத் தட்டி விரிப்பேன். ஓரத்தைப் படித்து, வேண்டியதைத் தூக்கி, விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்து ஆர்டர் சொல்லிவிட்டுப் போவார்கள். மேசை முழுக்க இடத்தை அடைக்கிறது என்று ஷிஃபுவுக்குப் புகார். ஆனாலும் புதுத் தாள் வந்தால் அவரே ஒரு துண்டு வெட்டி, எந்த இடத்தில் செருகுவது என்று கேட்பார். நடுவில் செருக முடியாது, வாலில்தான் ஒட்டலாம். எடை வரிசை கெட்டுப்போகும். இதற்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.