அருகம்புல் வாங்கும் வீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடிவந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் தளத்திலிருந்து நான்கு குடும்பங்கள் காலி செய்துகொண்டு போயின. எல்லாரும் வேலை பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் வந்தவர்கள். பாஸ் முடிந்தாலோ கம்பெனி மாறினாலோ ஒரே மாதத்தில் வீடு காலியாகிவிடும். போகிறவர்கள் இருப்பவர்களுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். இட்லிப் பானை, இஸ்திரிப் பெட்டி, பாதி மூட்டை பொன்னி அரிசி, துளசித் தொட்டி என்று எதுவாகவும் இருக்கும். எங்கள் மிக்ஸி மூன்று குடும்பம் தாண்டி எங்களிடம் வந்தது.

2024 ஜூலையில் எதிர்வீட்டு அக்கா பிரிஸ்பேனுக்குக் கிளம்பினார். எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுத்த பிறகு பால்கனியில் ஒரு கூண்டு மட்டும் நின்றது. உள்ளே ஒரு வெள்ளை முயல், இரண்டு கினிப் பன்றிகள். "இதுங்களை என்ன பண்றதுன்னே தெரியலம்மா" என்றார். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வீட்டில் முயல் வளர்ப்பதே சட்டப்படி குற்றம். காட்டு முயல்கள் பெருகி நாட்டையே மேய்ந்து தீர்த்த வரலாறு அவர்களுக்கு. கினிப் பன்றி அங்கே வளர்க்கலாம், ஆனால் வெளிநாட்டிலிருந்து கொண்டுபோக முடியாது. முயலை 2023 சீனப் பெருநாளுக்கு வாங்கியிருக்கிறார்கள். அது முயல் ஆண்டு, பிள்ளைகள் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கும்போது பிரிஸ்பேன் அவர்கள் கனவில்கூட இல்லை.

யாரோ ஒருவர் பூங்காவில் விட்டுவிடச் சொன்னாராம், புல் தின்று பிழைத்துக்கொள்ளுமாம். எனக்குப் பகீரென்றது. இந்த ஊர் ஏரிக்கரைகளில் கட்டை மாதிரி உடும்புகள் படுத்திருப்பதை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் தினமும் பார்க்கிறோம். வளர்ப்பு முயலுக்கு ஒளியத் தெரியாது. வெள்ளை முயல் என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். எங்கள் பெரியப்பா சில வருடம் முயல் பண்ணை வைத்திருந்தார். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில்தான் "நான் பார்த்துக்கறேன்கா" என்று சொன்னேன். என் கணவர் ராத்திரி ஒரு கேள்விதான் கேட்டார்: "நம்ம பாஸ் ரெண்டு வருஷம். முயல் எத்தனை வருஷம்?" நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம். கினிப் பன்றி ஐந்திலிருந்து எட்டு. அந்தக் கணக்கு அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மகள் பெயர் வைத்தாள். முயல் பஞ்சு. கினிப் பன்றிகள் கடலை, சுண்டல். இரண்டும் பெண் என்று கடையில் சொன்னதாக அக்கா சொல்லியிருந்தார். சுண்டல் துணைக்காக வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம். வெளியே 33 டிகிரி. கூண்டை எங்கள் பால்கனியிலும் அப்படியே வைத்திருந்தேன், அது மேற்குப் பார்த்த பால்கனி. பஞ்சு மூலையில் முதுகைக் கூட்டி உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. காதைத் தொட்டால் கொதித்தது. பல்லை மெல்ல நறநறவென்று கடிக்கிற சத்தம். தட்டில் காலையிலிருந்து ஒரு புழுக்கை இல்லை. முயலுக்கு வேர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே தள்ளும். வெயில் 28, 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அப்போது தெரிந்தது ஒன்றுதான், இது செத்துக்கொண்டிருக்கிறது.

ஐந்து கிளினிக்குக்கு போன் போட்டேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். அழுதுகொண்டே லிஃப்டில் இறங்கியபோதுதான் கீழ்மாடி ஆன்ட்டியைப் பார்த்தேன். அதுவரை எங்களுக்குள் "பசியாறியாச்சா?" என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் வளர்ந்தவர். கூடையைத் திறந்து பார்த்தார். "வயிறு நின்னு போச்சும்மா. என் மவன் காடியில போயிரலாம், வா" என்றார். முயலும் பார்க்கிற மருத்துவர் ஒருவரை அவர் மகன்தான் போனில் தேடிப் பிடித்தார்.

ஆன்ட்டி சொன்னது சரி. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடோ வலியோ பயமோ வந்து தின்பதை நிறுத்தினால் குடலும் நின்றுவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை என்றால் அது நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற விஷயமே இல்லை. மருத்துவர் தோலுக்கடியில் நீர் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார், புல்பொடிக் கஞ்சியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டக் கற்றுக்கொடுத்தார். கூடவே ஒரு எச்சரிக்கை: வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் அமாக்ஸிசிலினை முயலுக்கோ கினிப் பன்றிக்கோ ஒருநாளும் கொடுக்கக் கூடாது. அது குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, ஆளையே கொன்றுவிடும்.

அன்றிரவு இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கஞ்சி. சமையலறை டைல்ஸில் ஈரத்துணி, துண்டில் சுற்றிய ஐஸ் பாட்டில், அதன்மேல் சாய்ந்து பஞ்சு. விடிகாலை நாலேகாலுக்கு மூன்று புழுக்கை விழுந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, காய்ந்து கறுத்துக் கிடந்தன. என் கணவரை எழுப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ஊருக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறில்லை.

பண்ணை பார்த்து வளர்ந்தவள் என்ற என் நினைப்பு அதோடு போயிற்று. பண்ணை முயல் மூன்று மாதத்தில் சந்தைக்குப் போய்விடும், அதற்குப் பல் வளர்ந்தால் என்ன, பாதம் புண்ணானால் என்ன. வீட்டு முயல் பத்து வருடம் வாழ வேண்டும். பற்கள் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்க நாள் முழுக்கப் புல் மெல்ல வேண்டும். சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்தான் இருக்க வேண்டும், கேரட் மிட்டாய் மாதிரி எப்போதாவது ஒரு துண்டு. கம்பித் தரை பாதத்தைக் கிழிக்கும் என்பதால் அதை எடுத்துவிட்டு விரிப்பு போட்டேன். பால்கனிக்கு அன்றோடு முழுக்குப் போட்டேன்.

காய்ந்த புல் என்றால் இங்கே பெரும்பாலும் திமோத்தி, கப்பலில் வருவது. பையைப் பிரித்ததும் ஊரில் போரடித்த களத்து வாசம். ஆனால் இந்த ஊர் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக்கில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். நான் பழைய தலையணை உறையில் போட்டுத் தொங்கவிடுகிறேன். பச்சைப் புல்லுக்கு வழிகாட்டியதும் ஆன்ட்டிதான். வெள்ளிக்கிழமை காலை என்னைப் பூக்கடைக்குக் கூட்டிப்போய் "ரெண்டு கட்டு அருகம்புல்லு" என்றார். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல். வீட்டுக்கு வந்து மூன்று தண்ணீரில் அலசி, உதறி, நீட்டினேன். நுனியில் பிடித்துக் கடைசி வரை கண்ணை மூடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே போனது பஞ்சு. இப்போது பூக்கடைக்காரம்மா "சாமிக்கா, முயலுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறார். முயலுக்கென்றால் ஒரு பிடி கூட.

அடுத்த வாரம் கினிப் பன்றிகளையும் மருத்துவரிடம் காட்டினேன். இரண்டு செய்தி சொன்னார். முயலையும் கினிப் பன்றியையும் ஒரே கூண்டில் வைக்கக் கூடாது, முயலுக்கு ஒன்றும் செய்யாமல் அதன் மூக்கில் குடியிருக்கும் கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியா தரும், ஒரு உதை போதும் எலும்பு முறிய. இரண்டாவது, சுண்டல் ஆண். கடலை சினையாக இருக்கிறது.

அப்புறம் என்ன, தனித்தனி வீடு அமைத்தோம். கினிப் பன்றிக்கும் நம்மைப் போலவே வைட்டமின் சி உடம்பில் தானாக உண்டாகாது. அந்தக் காலத்து மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி அதற்கும் வரும். பெல்லட் என்கிற கடைத் தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின் சில மாதத்தில் வீரியம் இழந்துவிடும், இந்த ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். அதனால் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், வாரத்தில் இரண்டு நாள் கொய்யாச் சீவல். பிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதும், இரண்டும் விசில் அடிக்கும். அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி ஒருநாள் என்ன பறவை வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். மலாய்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'திக்குஸ் பெலண்டா', டச்சு எலி. அதன் பூர்வீகம் டச்சுக்காரர் நாடும் அல்ல, கினியும் அல்ல, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. போகிற இடமெல்லாம் வேறு ஊரின் பெயரைச் சுமக்கிற பிராணி அது.

கடலை மூன்று குட்டி போட்டது. கண் திறந்து, உடம்பெல்லாம் முடியோடு பிறந்து, மறுநாளே புல்லைக் கடித்தன. தாய் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும் என்று தெரிந்து சுண்டலை முன்பே பிரித்துவிட்டோம். அவனுக்குக் காயடித்து, ஆறு வாரம் காத்திருந்து சேர்த்து வைத்தோம். ஆண் குட்டியை மூன்றாம் வாரமே தாயிடமிருந்து பிரித்தாக வேண்டும். நாள் எண்ணி வீடு தேட வேண்டிய நிலை.

இலவசம் என்று முதலில் எழுதினேன். "எத்தனை இருக்கு? எல்லாத்தையும் எடுத்துக்கறேன்" என்று ஒருவர் உடனே கேட்டார். ஆன்ட்டி மகன் எச்சரித்தார், பாம்பு வளர்க்கிறவர்களும் இப்படிக் கேட்பார்கள் என்று. அதன்பின் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) என்று மாற்றினேன். கேள்வி கேட்கவும் பழகினேன். வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, கூண்டின் அடி கம்பியா பலகையா. வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா. முன்பின் தெரியாதவர்களிடம் இப்படிக் கேட்க எனக்குக் கூசியது. ஆனால் மூன்று புழுக்கைக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவளுக்குக் கூச்சம் வெகுநாள் தாங்கவில்லை. மலேசியாவில் 2015இல் இயற்றிய விலங்கு நலச் சட்டம் இருக்கிறது, கொடுமை செய்தால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை. ஆனால் நான்கு மாதம் கழித்துக் கூண்டுக்குள் மெதுவாகப் பட்டினி கிடக்கிற பிராணியை எந்தச் சட்டம் போய்ப் பார்க்கும்? நாம்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பெண் குட்டிகள் இரண்டும் கிள்ளானில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் போயின. கினிப் பன்றி தனியாக இருந்தால் ஏங்கும் என்பதால் இரண்டையும் பிரிக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் ஒற்றையாக வளர்ப்பதே சட்டத்துக்கு விரோதம். ஆண் குட்டி முதலில் போன வீட்டிலிருந்து ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு முடி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுத்திருக்கிறது. ஒத்துவராவிட்டால் வேறு யாருக்கும் தராமல் என்னிடமே திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருந்தேன், அவர்களும் அப்படியே செய்தார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னேன், மனதாரச் சொன்னேன். பிறகு பாங்கி என்ற ஊரில் ஒரு மலாய் மாணவி எடுத்துக்கொண்டாள். அவளிடம் ஏற்கெனவே தனியாய்ப் போன ஒரு வயதான ஆண் கினிப் பன்றி இருந்தது. என் அரைகுறை மலாயில் 'ரும்புட், பான்யாக் ரும்புட்' (புல், நிறையப் புல்) என்று புல்லைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் தோன்றியது.

போன மாதம் எங்கள் பாஸை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். பஞ்சுவை யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டிய நாள் வந்தால் ஆன்ட்டி வீடுதான் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்காக ஒரு நோட்டு. எவ்வளவு பெல்லட், எந்த மருத்துவர், எந்தக் காதின் பின்னால் சொறிந்தால் பிடிக்கும், கஞ்சி எப்படிக் கரைப்பது. ஆன்ட்டி தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர், அதனால் தமிழில் எழுதினேன். அவர் பேரனுக்காகக் கடைசிப் பக்கம் மலாயில்.

டிசம்பரில் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினோம். நோட்டை எடுத்துப் பார்த்தால், என் எழுத்துக்குக் கீழே பென்சிலில், உருண்டை உருண்டையான எழுத்தில் ஆன்ட்டி ஒரு வரி சேர்த்திருந்தார்: "இடி இடிச்சா பின்னங்காலால தரையைத் தட்டும். பயப்பட வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்தா நிறுத்திரும்."

எனக்கு அது தெரியாது.