பைத்தான் ரிப்போர்ட்ல நெடுவரிசை நேரா நிக்கணும்

மார்ச் 3
பைத்தான் மொழியில இருக்கிற என் ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதித் தர்ற ரிப்போர்ட் ஃபைல்ல பெயர், எண்ணிக்கை, தொகைன்னு மூணு நெடுவரிசை, நடுவுல டேப். பெயரெல்லாம் குட்டியா இருக்கிற வரைக்கும் நேரா நிக்குது, ஏதோ ஒண்ணு 8 இடத்தைத் தொட்டுட்டா அந்த வரி மட்டும் ஒரு படி தள்ளிப் போயிடுது. டேப்னா இத்தனை ஸ்பேஸ்னு கணக்கு கிடையாது, அடுத்த நிறுத்தத்துக்குப் போன்னு சொல்ற குறி அவ்வளவுதான், நிறுத்தம் எங்கங்கிறதை ஃபைலைத் திறக்கிற எடிட்டர் முடிவு பண்ணும், சிலதுல 8, சிலதுல 4. கண்ணால படிக்கிற ஃபைலுக்கு டேப் வேண்டாம்.

மார்ச் 4
எல்லாத்தையும் எஃப்-ஸ்ட்ரிங்குக்கு (மாறியோட மதிப்பை வரிக்குள்ளயே நேரா போட்டு எழுதுற முறை) மாத்தியாச்சு, பைத்தான் 3.6ல இருந்தே இருக்கு. சுருள் அடைப்புக்குள்ள மாறி பேருக்கு அப்புறம் :<20 போட்டா இடப்பக்கம் ஒட்டி 20 இடம், :>10 போட்டா வலப்பக்கம், ^ போட்டா நடுவுல. அகலத்தை மட்டும் குடுத்தா எழுத்து இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் தானா ஒட்டிக்கும், ரொம்ப நல்ல ஏற்பாடு இது. தொகைக்கு தசம இடம் 2ன்னு நிறுத்திட்டா புள்ளிக்கு நேர் கீழ புள்ளி வருது, மேலிருந்து கீழ ஒரு தடவை பார்த்தாலே பெரிய தொகை எதுன்னு தெரியுது.

ஒண்ணு கவனிக்கணும், அந்த 20ங்கிறது குறைஞ்சபட்சம்தான். 26 எழுத்துப் பெயர் வந்தா வெட்டாது, அப்படியே பிதுங்கி அடுத்ததைத் தள்ளும். வெட்டணும்னா :<20.20னு எழுதணும். ஆனா பெயரை வெட்டுறதுல எனக்கு உடன்பாடே இல்ல, அதனால முதல்ல டேட்டா முழுக்க ஒரு சுத்து சுத்தி மேக்ஸ் (இருக்கிறதுல பெரியதைத் தர்ற கட்டளை) வச்சு நீளமான பெயரோட அளவை எடுத்து, அந்த மாறியையே உள் அடைப்புல அகலமா குடுத்திருக்கேன். காலியான கட்டத்துல நன் (None, மதிப்பே இல்லங்கிற குறி) வந்தா அகலம் குடுத்த இடத்துல டைப்-எரர்னு பிழை வரும், அதை முன்னாடியே ஸ்ட்ரிங்கா மாத்திடணும்.

மார்ச் 6
இங்கிலீஷ் பெயர்லாம் கச்சிதம். தமிழ்ப் பெயர் வர்ற வரிதான் உள்ள இழுத்துக்கிட்டு நிக்குது. காரணம் லென், அதாவது பைத்தான் நீளம் எண்ணுற கட்டளை! "தமிழ்" நமக்கு 3 எழுத்து, பைத்தானுக்கு 5, ஏன்னா கொக்கியும் புள்ளியும் தனித்தனி குறியீடு. 10 இடம் கேட்டா 5 போச்சுன்னு நினைச்சு 5 ஸ்பேஸ்தான் நிரப்புது. "கொ" இன்னும் விசேஷம், ஒரே துணைக்குறியாவும் சேமிக்கலாம், முன்னாடி பின்னாடின்னு ரெண்டாவும் சேமிக்கலாம், பார்க்க ஒரே மாதிரி, லென் மட்டும் 2, 3ன்னு மாறும்.

யூனிகோட்-டேட்டா மாட்யூல்ல ஒவ்வொரு குறியோட வகையையும் கேட்டு, எம்-ல ஆரம்பிக்கிறதை (கொக்கி, புள்ளி மாதிரி ஒட்டுக்குறிகள்) விட்டுட்டு மிச்சத்தை எண்ணி, ஸ்பேஸை நானே கூட்டிப் பார்த்தேன். நிறைய நேராச்சு, முழுசா ஆகல. மோனோ ஃபான்ட்னு (எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்னு சொல்ற ஃபான்ட்) போட்டாலும் தமிழ் எழுத்தெல்லாம் ஒரே அகலத்துல வர்றதில்ல, "ண" எங்க, "ர" எங்க! எத்தனை எழுத்துன்னு சரியா எண்ணிட்டா மட்டும் எத்தனை அகலம்னு தெரிஞ்சிடாது, இதை ஸ்பேஸால தீர்க்கவே முடியாது.

மார்ச் 7
தமிழ்ப் பெயர் நெடுவரிசையைக் கடைசிக்குத் தள்ளியாச்சு. எண்கள் முன்னாடி நேரா நிக்குது, பெயருக்கு அப்புறம் எதுவும் இல்லாததால இழுக்க ஆளில்ல. எக்செல்ல திறக்கிறவங்களுக்கு அதே டேட்டா தனியா சிஎஸ்வி (காற்புள்ளியால பிரிச்ச ஃபைல்), என்கோடிங் யுடிஎஃப்-8-சிக் (ஃபைல் ஆரம்பத்துலயே இது யுடிஎஃப்-8னு ஒரு குறி போடுற வகை), அது இருந்தா எக்செல் தமிழைக் குதறாது, அகலத்தையும் கட்டமே பார்த்துக்கும்.