கூட்ஸ் டிரைவர் வீட்டு நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

சித்தி காலைல போன் பண்ணுனாங்க. தங்கச்சிக்கு ஒரு வரன் வந்திருக்காம், பையன் ரயில்வேல அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது எஞ்சின் டிரைவருக்குத் துணை ஆளு, ஜோலார்பேட்டைல வேலை. "உங்க வீட்டுக்காரரும் அதானே கண்ணு, கவர்மென்ட் வேலை, ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாருல்ல?"ன்னு கேக்கறாங்க. சிரிப்பை அடக்கிட்டு மொட்டைமாடில நின்னு பேசிட்டிருந்தேன், ஏன்னா இவரு விடிகாலைல டூட்டி முடிச்சு சைன் ஆஃப் போட்டுட்டு வந்து உள்ள தூங்கறாரு, எங்க வீட்ல பகல்ல போன்னாலே மாடிதான். நெதானமா சொல்றேன் சித்தின்னு வெச்சுட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

சித்திக்கு எதைச் சொல்றதுன்னு ரெண்டு நாளா மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு. வேலை கஷ்டம்னு சொன்னா எந்த வேலை கஷ்டமில்லைம்பாங்க. விஷயம் அது இல்ல. மெயில், எக்ஸ்பிரஸ் ஓட்டறவங்களுக்கு லிங்க்னு ஒண்ணு இருக்கும், எந்த நாள் எந்த வண்டின்னு முன்னாடியே தெரியும், அவங்க வீட்டம்மா காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கலாம். கூட்ஸ்க்கு அதெல்லாம் கிடையாது. வண்டி எப்ப ரெடியாகுதோ அப்ப டூட்டிக்கு வாங்கன்னு போன்ல கால் வரும், வந்தா ரெண்டு மணி நேரத்துல லாபில, டூட்டிக்குக் கையெழுத்துப் போடற ஆபீஸ்ல, நிக்கணும். அந்தப் பையன் அசிஸ்டென்ட்டா இருந்து, யார்டுல பெட்டி மாத்தற ஷண்டிங் பாத்து, கூட்ஸ் ஓட்டி, பாசஞ்சர் ஓட்டி, மெயில் வரைக்கும் போறதுக்குள்ள அவங்களுக்குப் பொறக்கற கொழந்தையே காலேஜுக்குப் போயிரும்.

இன்னிக்கு மத்தியானம் ரெண்டே காலுக்கு கால் வந்துச்சு. வெயில் கொளுத்துது, இந்த ஈரோட்டு வெயில்ல தயிர்சாதம் கட்டுனா ராத்திரிக்குள்ள புளிச்சுப் பொங்கிரும். அதனால புளிக்காய்ச்சல் எப்பவும் ஒரு பாட்டில் இருக்கும், சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். போற எடத்துல டிரைவர்ங்க தங்கித் தூங்கற ரன்னிங் ரூம்ல சமையல்காரர் இருப்பாரு, சாப்பாடு கெடைக்கும், ஆனா இவருக்கு என் ரசப்பொடிதான் வேணும். அரிசி ஒரு பொட்டலம், துவரம்பருப்பு ஒரு பொட்டலம், ரசப்பொடி ஒரு சின்ன டப்பா, அதுல மூடி லூசா இருக்கறதால ஒரு ரப்பர் பேண்ட். குடுத்தா அங்க ஆக்கிக் குடுத்துருவாங்க. தண்ணி பாட்டில் மட்டும் பாதி அப்படியே திரும்பி வரும். நெறைய எஞ்சின்ல பாத்ரூம் கிடையாது, அதனால குடிக்கறதே இல்ல. இதுக்கு மட்டும் நான் இன்னும் சண்டை போடறேன்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை 1

நேத்து ராத்திரியே அத்தை கனி வெச்சுட்டாங்க, கண்ணாடி, மாம்பழம், நகை, ரூவா நோட்டு எல்லாம் அடுக்கி. எல்லாரும் சேந்து கனி காணணும்னு பெரியவளை அஞ்சரைக்கே எழுப்பிட்டோம். ஆறு மணிக்கு கால். ஏழே முக்காலுக்கு வீட்ல இருந்து கெளம்பணும். திங்கக்கெழமை ஏழரைல இருந்து ஒம்போது ராகு காலம், அதுவும் வருசப் பொறப்பு, அத்தை மூஞ்சி சுருங்கிருச்சு. "ஏழு இருவதுக்கே வாசல்ல எறங்கி நின்னுட்டு அப்புறம் போப்பா"ங்கறாங்க. இவரும் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாம பையை எடுத்துட்டு வாசல்ல இருவது நிமிசம் பேப்பர் படிச்சுட்டு நின்னாரு. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டிரைவர் மாமா பாத்துட்டு ஒரே சிரிப்பு. அவரு காலத்துல போன் ஏது, கால்பாய்னு ஒருத்தர் நடுராத்திரி சைக்கிள்ல வந்து கதவைத் தட்டுவாராம், புக்குல கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். "உங்களுக்காச்சும் போனு, எங்களுக்குத் தெருவே முழிச்சுக்கும்"னாரு.

வடை, பாயசம் எல்லாம் பண்ணி நாங்க மூணு மணிக்கு சாப்பிட்டோம். இவரு எங்க இருக்காருன்னு தெரியாது. எஞ்சின்ல ஏறுனா செல்லை ஆஃப் பண்ணிரணும். எக்ஸ்பிரஸ்னா ஆப்ல பாத்து எந்த ஸ்டேஷன் தாண்டுச்சுன்னு சொல்லலாம், கூட்ஸ் வண்டி அதுல வராது.

ஏப்ரல் 17, வியாழன்

எட்டு மணி நேரமோ அதுக்கு மேலயோ வண்டி ஓட்டிட்டு வந்தா வீட்ல பதினாறு மணி நேரம் ரெஸ்ட்டுங்கறது ரூல். கேக்கறவங்களுக்கு அட, பாதி நாளுக்கு மேல லீவான்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. காலைல ஆறு மணிக்கு இறங்குறாருன்னா ராத்திரி பத்து மணிக்கு மறுபடி ஏறத் தயாரா இருக்கணும். அந்தப் பகல்லதான் தூங்கணும், குளிக்கணும், பேங்க்குக்கு போகணும், பையனுக்கு கணக்கு சொல்லித்தரணும். அப்புறம் ராத்திரி பூரா சிக்னலை கண் கொட்டாம பாக்கணும்.

அதனால எங்க வீட்ல நான் காவல் காக்கறது வீட்டை இல்ல, அவரு தூக்கத்தை. காலிங் பெல் சுவிட்ச் ஆஃப். குக்கர் வெக்க மாட்டேன், விசில் வரும்னு சாதத்தை வடிச்சுத்தான் எடுப்பேன். மிக்சி ஓட்டணும்னா பக்கத்து வீடு. சின்னவன் ரெண்டு வயசுலயே "அப்பா ரெஸ்ட்டு"ன்னு வாய்ல விரல் வெக்கக் கத்துக்கிட்டான், இப்ப சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாலும் படுத்திருக்கற ஆளைப் பாத்தா கிசுகிசுன்னுதான் பேசறான். பாக்கறவங்க நல்ல பையன்ங்கறாங்க. எனக்கு என்னமோ பாவமா இருக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முன்னாடி ஒருதடவை டிரைவர்ங்க குடும்பத்துக்குன்னு ஒரு கூட்டம் வெச்சாங்க, டீ, பிஸ்கட் எல்லாம் குடுத்து, வீட்டுக்காரருக்கு நல்லா தூக்கம் குடுங்க, டூட்டிக்குப் போறப்ப வீட்டுப் பிரச்சனையைச் சொல்லாதீங்கன்னு ஒரு மணி நேரம் பேசுனாங்க. பாதி சரிதான். தூங்காத ஆளு பின்னாடி எத்தனை வேகன் வருது, தப்பு நடந்தா என்னாகும்னு எங்களுக்குத் தெரியாதா. ஆனா பையனுக்குக் காய்ச்சல்னா அதை நான் யாருகிட்ட சொல்றது? சாய்ங்காலம் சொல்லலாம்னா அப்ப அவரு பாலக்காட்டுல.

போன வருசம் 2024 ஜூன்ல தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுங்க ரெஸ்ட் கேட்டு போராடுனப்ப இதையேதான் கேட்டாங்க. வாராவாரம், டூட்டி முடிஞ்சா குடுக்கற 16ம் வார ரெஸ்ட் 30ம் சேத்து 46 மணி நேரம் ரெஸ்ட், தொடர்ந்து ரெண்டு நைட்டுக்கு மேல வேண்டாம். ஊதியம் ஏத்தச் சொல்லி இல்ல, தூக்கம் கேட்டு போராட்டம்.

அதே மாதிரி, குடிச்சிருக்காங்களான்னு பாக்க ஊதச் சொல்ற மெஷினையும் சொல்லணும். டூட்டி ஏறுறப்பவும் இறங்குறப்பவும் ஊதணும். இந்த பிப்ரவரில திருவனந்தபுரம் டிவிஷன்ல இளநீர், சில பழம், இருமல் மருந்து, ஹோமியோபதி மருந்தெல்லாம் டூட்டிக்கு முன்னாடி கூடாதுன்னு ஒரு ஆர்டர் போட்டு, எல்லாரும் சிரிச்சப்புறம் வாபஸ் வாங்குனாங்க. எங்க வீட்ல அன்னிக்கு இளநீ வெட்டி வெச்சிருந்தேன், "எடுத்து ஒளிச்சு வை"ன்னு கிண்டல் பண்ணிட்டே குடிச்சாரு.

ஏப்ரல் 23, புதன்

தங்கச்சியே கூப்பிட்டா. சித்தி மாதிரி சுத்தி வளைக்கல. "அக்கா, தனியா இருக்க பயமா இருக்குமா?"ன்னு கேட்டா. பயம் ஆறு மாசத்துல போயிரும், எரிச்சல்தான் போகாதுன்னேன். கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் "அவரு வரலையா"ன்னு கேப்பாங்க, சிரிச்சுக்கிட்டே டூட்டிங்கணும். வண்டி ஓட்டுன கிலோமீட்டருக்குக் குடுக்கற மைலேஜ் காசு வர்ற மாசம் சம்பளம் நல்லா இருக்கும், லீவு போட்டா அது வராது, அதனால லீவுக்கும் ஒரு வெலை உண்டு. அதையும் சொன்னேன்.

நல்லதும் சொன்னேன். செவ்வாக்கெழமை காலைல பத்து மணிக்கு ஊரே வேலைக்குப் போயிருக்கறப்ப நாங்க ரெண்டு பேரும் காலியா கெடக்கற தியேட்டர்ல படம் பாத்திருக்கோம். பெரியவளோட டான்ஸ் புரோகிராமுக்கு மத்த அப்பாங்க ஒருத்தரும் வரல, ஆபீஸ். இவரு மட்டும் தூக்கத்தை விட்டுட்டு முதல் வரிசைல உக்காந்திருந்தாரு.

பையனைப் புடிச்சிருந்தா சரின்னு சொல்லுன்னேன். "பேசணும்னா எப்ப பேசறது அக்கா, அவரு எப்பவுமே போனை எடுக்க மாட்டேங்கறாரு"ன்னா. ரன்னிங் ரூம்ல இருக்கறப்ப தூங்கி எந்திரிச்சு அவரே பண்ணுவாரு, நீயா பண்ணாத, தூக்கம் கெட்டுரும்னு சொல்லிட்டிருக்கறப்பவே உள்ள இருந்து இவரு குரல்: "அம்மிணி, கால் வந்துருச்சு, ரசப்பொடி டப்பா எங்க?"